விழிப்பூக்கிகள்

உறக்கத்தையும் களைப்பையும் தள்ளிப்போட்டுக் கவனத்தைக் கூட்டும் பொருள்கள் விழிப்பூக்கிகள் எனப்படும். காப்பி முதல் மெத்தம்பெட்டமின் வரை இவ்வகையில் அடங்கும். மருத்துவர் நோய்க்காகத் தருபவை சில. நோயேதும் இல்லாதவர்கள் வேலைக்கும் தேர்வுக்கும் தாமாக எடுத்துக்கொள்வதே இங்கு பேசப்படுவது.

தோட்டப்புறத்தில்: நெகிரி செம்பிலான், ஜெம்போல் மாவட்டத்து பகாவைச் சுற்றியுள்ள கெடிஸ், செயின்ட் ஹெலியர், ஜெராம் பாடாங் முதலிய தோட்டங்களில் ரப்பர்க் காலத்து நாள் விடியுமுன் பெரட்டில் (ஆள் கணக்கெடுப்பில்) தொடங்கியது. விடியற்காலைக் குளிரில்தான் ரப்பர்ப் பால் நன்றாக வடியும். வெயில் ஏற ஏறக் குறையும். பால் வெட்டுபவரின் உறக்கத்தை மரமே தீர்மானித்தது. இருட்டோடு எழுந்து, சீனி போட்ட கோப்பி-ஓ (பாலில்லாக் காப்பி) ஒரு குவளை குடித்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மர நிரைக்குப் போனார்கள். பெண்கள் அதற்கும் முன்பே எழுந்து சமைத்தாக வேண்டும். மலாயாத் தோட்டங்களில் ரப்பருக்கு முன்பு பயிரானதும் காப்பிதான். 1890களில் பிரேசிலின் மிகை விளைச்சலால் விலை சரிந்தபோது லைபீரியக் காப்பி போய் ரப்பர் வந்தது.

காப்பியிலிருந்து காஃபீனை 1819இல் பிரித்தெடுத்தவர் ஜெர்மானியர் ருங்கே. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் சேர்ந்து தூக்கத்தை அழைக்கிறது. அது அமரவேண்டிய இடத்தில் காஃபீன் அமர்ந்துகொள்கிறது. களைப்பு தெரியாமல் போகிறதே தவிரத் தீர்வதில்லை.

கெத்தும்: காப்பிக் குடும்பத்தைச் சேர்ந்த இம்மரம் கெடா, பெர்லிஸ், பேராக் மாநிலங்களில் மிகுதி. வெயிலில் உழைப்போர் அதன் இலையை மென்றும் கொதிக்கவைத்துக் குடித்தும் வந்தனர். சிறிதளவு ஊக்கும், மிகுந்தால் அபின்போல் மயக்கும். இதன் முதன்மைப் பொருளான மித்ராகைனினை 1921இல் ஃபீல்ட் பிரித்தெடுத்தார்.

செயற்கை மருந்துகள்: ஆம்பெட்டமினை 1887இல் ருமேனியரான எடலேயானு பெர்லினில் உருவாக்கினார், மெத்தம்பெட்டமினை 1893இல் ஜப்பானியர் நாகாய். 1930களின் பிற்பகுதியிலேயே அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழக மாணவர்கள் தேர்வுக்காக பென்செட்ரின் எனும் ஆம்பெட்டமின் மாத்திரையை நாடினர். 1940இல் ஜெர்மானியப் படைக்குச் சில மாதங்களிலேயே 3.5 கோடி மெத்தம்பெட்டமின் மாத்திரைகள் (பெர்விட்டின் முதலியவை) போயின. மெத்தில்பெனிடேட்டை 1944இல் உருவாக்கிய பனிட்சோன் தம் மனைவி ரீட்டாவின் பெயரை ஒட்டி அதற்கு ரிட்டாலின் என்று பெயரிட்டார். டென்னிஸ் ஆட்டத்துக்கு முன் ரீட்டா அதை உட்கொண்டார். நார்கோலெப்சி எனும் மிகையுறக்க நோய்க்கான மொடாஃபினிலுக்கு 1998இல் அமெரிக்கா ஒப்புதல் தந்தது.

காரணங்கள்: 2008இல் 'நேச்சர்' இதழ் 60 நாடுகளைச் சேர்ந்த 1,400 வாசகர்களிடம் கேட்டபோது, ஐவரில் ஒருவர் மருத்துவத் தேவையின்றி, கவனத்தையோ நினைவாற்றலையோ கூட்ட மருந்துகளைப் பயன்படுத்தியதாகச் சொன்னார். அறிவு வளரும் என்ற ஆசையோடு, மற்றவர் எடுக்கும்போது தாம் பின்தங்கிவிடுவோம் என்ற அச்சமும், உடலுக்கு ஒவ்வாத வேலைநேரமும், மருந்துக்கடைப் பொருள் தீங்கு செய்யாது என்ற நம்பிக்கையும் காரணங்களாகின்றன. நெஞ்சுப் படபடப்பு, தூக்கமின்மை, பழக்க அடிமைத்தனம் ஆகியவை பின்னால் வருபவை. நாளைய தேர்வோ இன்றிரவே கண்முன் நிற்கிறது. 2023இல் 'சயன்ஸ் அட்வான்சஸ்' இதழில் வந்த ஆய்வில், நலமுள்ள 40 பேர் இத்தகைய மருந்துகளை உட்கொண்டு கடினமான கணக்குப் புதிர்களைப் போட்டனர். முயற்சி கூடியது, முயற்சியின் தரம் குறைந்தது. ஆகவே இவை முயற்சியைக் கூட்டுமே ஒழிய அறிவைத் தருவதில்லை.

இன்றைய நிலை: தோட்டங்களில் ரப்பரைவிட எண்ணெய்ப்பனையே மிகுதி. ஆனாலும் உறக்கத்தைத் தள்ளிப்போடும் தேவை போகவில்லை: ஆலை இரவுப்பணியாளரும் லாரி ஓட்டுநரும் ஊக்க பானங்களை நாடுகின்றனர், சிலர் பில் கூடா எனப்படும் மெத்தம்பெட்டமின் மாத்திரையையும்.

சட்டம்: மலேசியாவில் மித்ராகைனின், மெத்தில்பெனிடேட் இரண்டும் 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்துக்குள் வருகின்றன. மெத்தம்பெட்டமின் அபாயகரப் போதைப்பொருள் சட்டத்துக்கு உட்பட்டது. அதைக் கடத்துவோருக்கு மரண தண்டனையும் விதிக்கப்படலாம்.