சிரிக்க வைத்த சுருள்கள் எங்கே போயின?

கோலாலம்பூர் பத்து ரோட்டில், இன்றைய ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானில், கொலிசியம் திரையரங்கு எழுந்தது 1920களின் தொடக்கத்தில். கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர் பலருக்கு அது தமிழ்ப்படம் பார்த்த இடம். ஆனால் அதைக் கட்டியபோது ஓடியவை பேசாப் படங்கள்!

பேசாப் படம் என்றதும் நினைவுக்கு வருபவர் சார்லி சாப்ளின். அவர் 1914இல் திரைக்கு வருமுன்பே, இத்தாலியின் டூரின் நகரில் ஒருவர் விழுந்து புரண்டு ஊரையே சிரிக்க வைத்துவிட்டார். ஆந்த்ரே தீத் என்ற பிரெஞ்சுக்காரர் அவர். 1909இல் இத்தாலா நிறுவனத்தில் சேர்ந்து 'கிரெத்தினெத்தி' என்ற அசட்டுப் பாத்திரத்தில் நடித்தார். ஒரு படத்தில், அவர் அழகில் மயங்கிய பெண்கள் துரத்திப் பிடித்து, கை வேறு கால் வேறாகப் பிய்த்தே விடுகிறார்கள். அவர்கள் போனதும் துண்டுகள் தாமாக ஒன்றுசேர்ந்து எழுந்து நிற்கும்! எல்லாம் சில நிமிடக் கூத்துதான்.

இதில் சேகரிப்பாளர்களுக்கு என்ன மோகம்? ஒன்று, துப்பறியும் வேலை. இதே பாத்திரத்துக்குப் பிரான்சில் 'கிரிபூயி', இங்கிலாந்தில் 'ஃபூல்ஸ்ஹெட்' என்று பெயர். தலைப்பு அறுந்துபோன சுருள் கிடைத்தால், முகத்தையும் காட்சியையும் வைத்துத்தான் எந்தப் படம் என்று கண்டுபிடிக்க வேண்டும். அதைவிடப் பெரிய காரணம், பின்னால் தெரியும் தெரு. துரத்தல் காட்சிகளை வெளியிலும் எடுத்தார்கள். கோமாளி முன்னால் ஓட, நூறாண்டுக்கு முந்தைய நகரம் பின்னால் அப்படியே பதிவாகிவிட்டது.

ஆனால் சிரித்து முடித்த பிறகு சுருளை யார் மதித்தார்கள்? அன்றைய நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பற்றும். அதிலுள்ள வெள்ளிக்காகவும் பலவற்றை அழித்தார்கள். நெதர்லாந்து விநியோகஸ்தர் ஜான் டெஸ்மெட் தம் சரக்கை எறியாமல் வைத்திருந்ததால் 900க்கும் மேற்பட்ட படங்கள் தப்பின. 2011இல் யுனெஸ்கோ அத்தொகுப்பை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

நம் பக்கத்துக் கதை கசப்பானது. ஆர். நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த 'கீசக வதம்', தென்னாட்டின் முதல் கதைப்படம். அதில் ஓர் அடிகூட மிஞ்சவில்லை. இந்தியாவில் எடுத்த 1,300க்கும் மேற்பட்ட ஊமைப்படங்களில் முழுதாகவோ பகுதியாகவோ எஞ்சியவை சுமார் முப்பதுதான். அவற்றுள் ஒரு சிரிப்புப் படமும் உண்டு என்பது ஆறுதல். 1931இல் வங்காளத்தில் காளிபாத தாஸ் எடுத்த 'ஜமாய் பாபு' அது. பட்டிக்காட்டு மாப்பிள்ளை ஒருவர் கல்கத்தாவில் வழி தெரியாமல் அலைகிறார். அவருக்குப் பின்னால் அன்றைய கல்கத்தா!

கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ தாத்தா காலத்து அலமாரியில் 8 அல்லது 16 மில்லிமீட்டர் சுருள் கிடக்கலாம். வெறும் கல்யாணப் படமாக இருந்தாலும், மணமக்களுக்குப் பின்னால் பழைய தெரு ஒன்று இருக்கக்கூடும். டப்பாவைத் திறந்து முகர்ந்து பாருங்கள். வினிகர் வாடை அடித்தால் சுருள் கெடத் தொடங்கிவிட்டது என்று பொருள். சீக்கிரம் நகல் எடுக்கக் கொடுங்கள். ஆசைப்பட்டுப் பழைய புரொஜெக்டரில் மாட்டி ஓட்டிப் பார்க்க வேண்டாம், அறுந்துவிடும்.