தந்தையின் முகம் காணாத சட்ட வல்லுநர்

திருச்சபைக்கும் அரசுக்கும் உள்ள உறவைப் பற்றிப் பேசும்போது தென் அமெரிக்க நாடுகளை நாம் அதிகம் நினைப்பதில்லை. ஆனால் அர்ஜென்டினாவில் 144 ஆண்டுகள் நடைமுறையில் இருந்த குடிமைச் சட்டத் தொகுப்பை எழுதியவர், கத்தோலிக்கராகிய நாம் அறிந்திருக்க வேண்டிய ஒருவர். அவர்தான் தல்மாசியோ வேலஸ் சார்ஸ்பீல்டு.

1800ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள், கோர்தோபா பகுதியில் அம்போய் என்ற சிற்றூரில் இவர் பிறந்தார். இவர் தாயின் வயிற்றில் இருந்தபோதே தந்தை இறந்துவிட்டார். தாய் ரோசா சார்ஸ்பீல்டு, அயர்லாந்து வம்சாவளியினர். இயேசு சபையினர் தொடங்கிய கோர்தோபா பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்ற இவர், 1824இல் கூடிய அரசியலமைப்புப் பேரவையில் சான் லூயிஸ் மாநிலத்தின் உறுப்பினராக அமர்ந்தார். ரோசாசின் கொடுங்கோல் ஆட்சிக் காலத்தில் 1842இல் மொந்தேவிதேயோவுக்குத் தப்பிச் சென்று, சில ஆண்டுகள் நாடு கடந்து வாழ்ந்தார். பின்னாளில் மித்ரே அரசில் நிதி அமைச்சராகவும், சார்மியெந்தோ அரசில் உள்துறை அமைச்சராகவும் பணியாற்றினார். உருகுவாயைச் சேர்ந்த எதுவார்தோ அசெவேதோவுடன் சேர்ந்து இவர் தயாரித்த வணிகச் சட்டம் 1862இல் நாடு முழுமைக்கும் ஏற்கப்பட்டது.

குடியரசுத் தலைவர் மித்ரே 1864இல் குடிமைச் சட்டத்தை எழுதும் பொறுப்பை இவரிடம் ஒப்படைத்தார். குழு ஏதும் இல்லை. ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் தனியே உழைத்தார். பிரேசில் நாட்டு பிரெய்தாஸ், பிரெஞ்சு சட்ட அறிஞர்கள், சிலி நாட்டுச் சட்டம் ஆகியவற்றிலிருந்து எடுத்துக்கொண்டு, விதிகளுக்கு அடியில் விரிவான குறிப்புகளும் எழுதினார். கையெழுத்துப் படிகளை எழுதுவதில் மகள் அவுரேலியா உதவினார். நாலாயிரத்துக்கும் மேற்பட்ட விதிகள் கொண்ட அந்தத் தொகுப்பை, 1869 செப்டம்பரில் நாடாளுமன்றம் விதிவாரியான விவாதம் இன்றி அப்படியே ஏற்றது! 1871 சனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது.

அதன் 70ஆம் விதி, மனிதரின் வாழ்வு தாயின் கருவறையில் கருத்தரித்த கணம் முதல் தொடங்குகிறது என்கிறது. கருவில் இருக்கும் குழந்தைக்கும் சில உரிமைகள் உண்டு. உயிரோடு பிறந்தால் அவை உறுதிப்படும். தந்தை இறந்தபின் பிறந்த ஒருவரின் கையிலிருந்து இந்த விதி வந்ததை எண்ணும்போது, சற்று நின்று போகத்தான் தோன்றுகிறது.

திருமணத்தில், கத்தோலிக்கர் திருச்சபைச் சட்டப்படியே மணம் முடிக்க வேண்டும் என்று எழுதினார். கத்தோலிக்க மக்களின் மனச்சான்றுக்கு எதிராக அரசுப் பதிவுத் திருமணத்தைத் திணிப்பது முறையல்ல என்பது அவர் கருத்து. பிற சபையினர் தங்கள் சபை முறைப்படி செய்யும் திருமணமும் செல்லும் என்றார். எந்தச் சமயத்தையும் சாராதவர்களுக்கு அதில் வழியில்லை. குடியேறிகள் பெருகிய நாட்டில் இது நிலைக்கவில்லை; 1888இல் அரசுப் பதிவுத் திருமணச் சட்டம் வந்தது.

இவரைத் திருச்சபையின் தோழர் என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. ஆயர்களை முன்மொழியும் உரிமை அரசுக்கு உண்டு என்று வாதிட்டு நூலே எழுதியவர் இவர். அந்த உரிமை 1966இல் திருப்பீடத்துடன் ஏற்பட்ட உடன்பாட்டில்தான் கைவிடப்பட்டது.

அவர் சட்டத்தில் நமக்கு வருத்தம் தரும் பகுதிகளும் உண்டு. மணமான பெண் கணவரின் அனுமதியின்றி ஒப்பந்தம் செய்யவோ, வழக்குத் தொடுக்கவோ இயலாது; இத்தடைகளில் பல 1926இல்தான் நீங்கின. அவுரேலியாவின் கையெழுத்தில்தான் அந்த விதிகளும் படியெடுக்கப்பட்டிருக்கக்கூடும். முறைகேடான உறவில் பிறந்த குழந்தைகளுக்கு வாரிசுரிமை மறுக்கப்பட்டது. கருவிலிருக்கும் குழந்தையை அவ்வளவு அக்கறையுடன் நினைத்தவர், பிறந்த இக்குழந்தைகளை ஏன் வெளியே நிறுத்தினார் என்று கேட்கத் தோன்றுகிறது. 1954இலும் 1985இலும் வந்த சட்டங்கள் அந்த வேறுபாட்டைக் களைந்தன.

1875 மார்ச் 30 அன்று புவனோஸ் அயர்ஸ் நகரில் இவர் காலமானார். இவரது தொகுப்புக்குப் பதிலாக 2015 ஆகஸ்ட் 1 முதல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் 19ஆம் விதி, மனிதரின் வாழ்வு கருத்தரிப்பில் தொடங்குகிறது என்றே சொல்கிறது.