தாணே: இருப்புப்பாதை வளர்த்த ஊர்

ஆண்டு விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று சங்கத்துச் செயலாளர் பணித்தபோது நாம் சற்றே தயங்கினோம். நாம் புலவரல்லோம்; பள்ளியிறுதி வகுப்போடு ஏட்டைக் கட்டி வைத்துவிட்டு, இருப்புப்பாதை அலுவலகத்தில் குமாஸ்தாவாக அமர்ந்தவர். எனினும், கோயிலுக்கும் கோட்டைக்கும் வரலாறு இருப்பது போல, நாள்தோறும் நம் கால் மிதிக்கும் நடைமேடைக்கும், விடியற்காலையில் நாம் குடம் வைக்கும் குழாய்க்கும் ஒரு வரலாறு உண்டன்றோ? அதனை நம் காலனிக் குடும்பங்கள் அறிந்துகொள்வது நலம் என்ற எண்ணமே இதனை எழுதத் தூண்டிற்று.

தாணே இன்று நேற்றுத் தோன்றிய ஊரன்று. சிலாஹார மன்னர்கள் ஸ்ரீஸ்தானகம் என்ற பெயரோடு இதனைத் தலைநகராகக் கொண்டு ஆண்டனர். 1730இல் போர்த்துகீசியர் இங்கே கோட்டை எழுப்பத் தொடங்கினர். 1737இல் மராத்தியர் அதனைக் கைப்பற்றினர். 1774இல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. அக்கோட்டையே இன்று மத்தியச் சிறைச்சாலையாக விளங்குகின்றது. ஏரிகள் நிறைந்த அவ்வூரில் அந்நாளில் போக்குவரவெல்லாம் கடற்கழியில் ஓடிய படகுகளாலும், சாலையில் ஊர்ந்த மாட்டு வண்டிகளாலுமே நடந்தது. பம்பாய்த் தீவுக்கும் தாணே இருக்கும் சால்செட் தீவுக்கும் இடையே கழி குறுக்கிட்டது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சயானில் கரைப்பாதை அமைந்த பின்னரே கால் நனையாமல் கடக்க வழி பிறந்தது.

இந்நிலையை மாற்றிய நாள் 1853ஆம் ஆண்டு ஏப்ரல் 16. அன்று சனிக்கிழமை. பிற்பகல் மூன்றரை மணியளவில் 21 பீரங்கிகள் முழங்க, போரிபந்தரிலிருந்து ஒரு புகைவண்டி புறப்பட்டது. 14 பெட்டிகள், ஏறத்தாழ 400 விருந்தினர், இழுத்துச் சென்ற எஞ்சின்கள் மூன்று. அவற்றுக்குச் சாகிப், சிந்து, சுல்தான் எனப் பெயர் வழங்கியதாகக் கூறுவர். 34 கிலோமீட்டர் தொலைவைக் கடந்து அவ்வண்டி வந்து நின்ற இடம் நம் தாணே. இந்தியத் திருநாட்டில் பயணிகளை ஏற்றிச் சென்ற முதல் இருப்புப்பாதை இதுவே. கிரேட் இந்தியன் பெனின்சுலா இரயில்வே என்ற கம்பெனி 1850இல் வேலையைத் தொடங்கி, ஜேம்ஸ் பெர்க்லி என்ற தலைமைப் பொறியாளரின் மேற்பார்வையில் இதனை முடித்தது. ஜகந்நாத் சங்கர்சேட், ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய் ஆகிய பம்பாய்ப் பெருமக்களும் இம்முயற்சிக்கு ஊக்கமளித்தவர்கள். ஆனால் மண் சுமந்து கல் உடைத்தவர்களின் பெயர்களை எந்தக் கல்வெட்டும் தாங்கி நிற்கவில்லை.

மறு ஆண்டு மே மாதம் பாதை கழியைக் கடந்து கல்யாணை அடைந்தது. 1863இல் போர்க் கணவாயில் மலையேறிற்று. அதே காலத்தில் நம் தென்னாட்டிலும் பணி நடந்துகொண்டிருந்தது. 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை முதல் வண்டி ஓடிற்று. மேற்கிலிருந்து வந்த பாதையும் சென்னையிலிருந்து சென்ற பாதையும் 1871இல் ராய்ச்சூரில் கை கோத்தன. அன்பர்களே, நம்மவர் பலரின் பம்பாய் வாழ்வுக்கு அந்த ராய்ச்சூர்ச் சந்திப்பே கால்கோள் எனலாம். நம் பாட்டன்மாரும் தந்தையரும் ஒரு தகரப் பெட்டியும் ஒரு படுக்கைச் சுருளுமாக வந்திறங்கியது அவ்வழியேதான்.

தொடக்கத்தில் இப்பாதை நெடுந்தொலைவுக்காகவும் சரக்குக்காகவுமே கருதப்பட்டது. புறநகர் வாழ்வு என்பது பின்னரே வந்தது. 1896இல் பம்பாயில் கொள்ளை நோய் பரவிற்று. நெருக்கமான சந்துகளே அதற்குக் காரணமெனக் கண்டு, 1898இல் நகர அபிவிருத்தி டிரஸ்டு என்ற அமைப்பை நிறுவினர். அது வகுத்த தாதர், மாதுங்கா குடியிருப்புகளில்தான் நம்மவர் முதன்முதலில் பெருந்தொகையாக வேரூன்றினர். அங்கே இடம் நெருக்கடியாகவே, செம்பூர், முலுண்டு, தாணே, டோம்பிவிலி எனப் பாதையோரமாகவே நகர்ந்து சென்றனர்.

அந்நகர்ச்சிக்குத் துணை நின்றது மின்சாரம். 1925 பிப்ரவரி 3ஆம் நாள் விக்டோரியா டெர்மினஸ் நிலையத்திலிருந்து குர்லா வரை நாட்டின் முதல் மின்சார வண்டி ஓடிற்று. சில ஆண்டுகளுக்குள் மின்கம்பி கல்யாணையும் கடந்து சென்றது. டாக்குர்லியில் இரயில்வே தனக்கெனவே ஒரு மின்நிலையத்தையும் நடத்தி வந்தது. அதற்கு முன்பே, 1916இல், பார்சிக் மலையைக் குடைந்து சுமார் 1.3 கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கப்பாதை அமைந்திருந்தது. நீராவி எஞ்சின் நின்று புறப்பட்டு வேகம் பிடிக்க நேரமாகும். மின்சார வண்டியோ சட்டென நின்று சட்டெனக் கிளம்பும். சில நிமிடங்களுக்கு ஒரு வண்டி விடுதல் இதனாலேயே இயல்வதாயிற்று. கம்பெனியின் பாதை அரசுடைமையாகி, 1951 நவம்பர் 5 முதல் மத்திய இரயில்வே என்ற பெயர் பெற்றது.

எம் தந்தையார் 1970களில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர். மாதுங்காவில் ஓர் அறையில் நால்வரோடு ஐவராகப் படுத்துறங்கிய அவர், தாணேயின் வாக்ளே தொழிற்பேட்டையில் வேலை கிடைத்ததும் எம் அன்னையாரை ஊரிலிருந்து அழைத்து வந்தார். 1962இல் மகாராஷ்டிரத் தொழில் வளர்ச்சிக் கழகம் தோன்றியபின் அமைந்த பேட்டை அது. நம்மவர் பலருக்குச் சோறிட்ட இடம். வீடு பார்க்கும்போது தந்தையார் கேட்பவை இரண்டே கேள்விகள்: “ஸ்டேஷனுக்கு எத்தனை நிமிஷ நடை? குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும்?” சுவரின் நிறத்தையோ சன்னலின் திசையையோ அவர் கேட்டதில்லை. புறநகர் வாழ்வின் இலக்கணமே அவ்விரு கேள்விகளில் அடங்கிவிட்டது என்று இப்போது நமக்குத் தோன்றுகின்றது.

முதற்கேள்விக்கு இருப்புப்பாதை விடையளித்தது. இரண்டாவதற்கு விடையளிக்க வேண்டியது நகராட்சி. தாணே நகராட்சி 1863இலேயே தோன்றியது. பம்பாய் மாநகரின் தாகம் தீர்க்கத் தான்சா ஏரி நீர் 1892 முதல் இம்மாவட்டத்திலிருந்தே குழாய்வழிச் சென்றது. பெருங்குழாய் அருகே ஓட, குடத்தோடு காத்திருந்த சிற்றூர்கள் பல. பின்னாளில் உல்லாஸ் ஆற்றிலிருந்தும் பாட்சா ஆற்றிலிருந்தும் தாணே தன் தாகம் தீர்த்துக்கொள்ள வழி பிறந்தது. 1982 அக்டோபர் முதல் நாள், சுற்றியிருந்த சிற்றூர்களையும் சேர்த்து ஊர் மாநகராட்சியாக உயர்ந்தது. 1989இல் மாநகராட்சியின் சொந்தப் பேருந்துகள் ஓடலாயின. நிலையத்திலிருந்து வீடு வரை நடந்தோ, ரிக்‌ஷாவுக்குக் காசு கொடுத்தோ சென்ற குடும்பங்களுக்கு அது பெரும் வரப்பிரசாதம். 2004இல் தாணேயிலிருந்து வாஷிக்கு நேர்ப்பாதை திறக்கப்பட்டபின், குர்லா சென்று வண்டி மாறும் அலைச்சலும் ஒழிந்தது.

இத்தனை வசதிகளையும் நாம் காற்றைப் போலக் கருதிவிட்டோம், உள்ளபோது நினைப்பதில்லை. இல்லாதபோது என்னாகும் என்பதை 2005 ஜூலை 26 காட்டிற்று. அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. நாம் வந்த வண்டி விக்ரோளிக்கு முன்னே நின்றுவிட்டது. இருட்டில், இடுப்பளவு நீரில், ஒருவர் தோளை ஒருவர் பற்றியவாறு தண்டவாளத்தின் ஓரமாகவே தாணே வரை நடந்தோம். வழியெங்கும் குடிசைகளில் வாழ்வோர் தம் வீட்டில் நீர் புகுந்திருந்தும், கதவடியில் நின்று பிஸ்கட்டும் தேநீரும் கொடுத்தனர். எந்த மொழியினர் என்று எவரும் எவரையும் கேட்கவில்லை. அந்நகரின் உண்மையான பொதுப்பணித்துறையை அன்றிரவு நாம் கண்டோம்.

நிற்க. இனி எழுத வேண்டியது மகிழ்ச்சியான செய்தியன்று. ஆயினும் எழுதாமல் விடுதல் பிழையாகும். பம்பாய்ப் புறநகர் வண்டிகளில் நாளொன்றுக்கு எழுபது லட்சம் மக்களளவில் பயணம் செய்கின்றனர். அப்பாதைகளில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்து வந்துள்ளனர். பாதையைக் குறுக்கே கடப்பதே முதற்காரணம்; நெரிசலில் தொங்கி விழுவது அடுத்தது. 2025 ஜூன் 9ஆம் நாள் காலை, மும்ப்ரா அருகே வாயிலில் தொங்கி வந்தோர் கீழே விழுந்து உயிரிழந்ததை நாம் அனைவரும் அறிவோம்.

சில ஆண்டுகளுக்கு முன், நாம் பணி பார்த்த ஒரு நிலையத்தில், பாதையைக் கடக்கையில் அடிபட்ட ஓர் இளைஞனின் பை எம் மேசைக்கு வந்தது. முகவரி காண அதனைத் திறந்தோம். உள்ளே சாப்பாட்டுப் பெட்டி. பெட்டியில் மிளகாய்ப்பொடி தடவிய நான்கு இட்டிலிகள். நம்மவர் வீட்டுப் பிள்ளை என்பது அப்பொழுதே தெரிந்துவிட்டது. மறுநாள் அவன் தந்தையார் வந்து கையெழுத்திட்டுப் பையைப் பெற்றுக்கொண்டார். தமிழில் ஒன்றே ஒன்று கேட்டார்: “சார், பையன் சாப்பிட்டிருந்தானா?” நாம் விடை சொல்லவில்லை. பெட்டியின் கனமே அவருக்கு விடையாயிற்று. மேம்பாலம் ஏறி இறங்க மூன்று நிமிடமாகும். அம்மூன்று நிமிடத்தை மிச்சம் பிடிக்கவே அவன் கீழிறங்கினான்.

நெரிசலைக் குறைத்தலும், பாலங்கள் அமைத்தலும், கதவுள்ள வண்டிகள் விடுதலும் அரசின் கடமை. அவற்றைக் கேட்பது நம் உரிமை. 2022இல் தாணேக்கும் திவாவுக்குமிடையே ஐந்தாம், ஆறாம் பாதைகள் முழுமை பெற்றன. பயணிகளின் நெடுநாள் கோரிக்கைக்குக் கிடைத்த பயன் அது. ஆனால் மேம்பாலத்தில் ஏறுவது நம் கையில் உள்ளது. அடுத்த வண்டிக்குக் காத்திருப்பதும் நம் கையில் உள்ளது.

ஆகவே, அன்னையர்க்கும் தந்தையர்க்கும் ஒரு வேண்டுகோள். விடுமுறை நாளொன்றில் உங்கள் பிள்ளைகளைத் தாணே நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். முதல் வண்டி வந்து நின்றது இவ்வூரிலேதான் என்று சொல்லுங்கள். தாத்தா தகரப் பெட்டியோடு வந்தது இப்பாதை வழியேதான் என்றும் சொல்லுங்கள். பின்பு அவர்கள் கையைப் பிடித்து, மேம்பாலத்தின் படிகளில் ஏறி மறுபுறம் இறங்குங்கள். நம்மை வாழவைத்த பாதைக்கு நாம் செய்யும் நன்றி அதுவே.

வாழ்க நம் சங்கம்! எல்லோரும் நலமே வீடு சேர்க!