நிலச் சமனும் இடங்குறித்தலும் (மெட்டல் டிடெக்டர்)

மண்ணிலுள்ள கனிமங்கள் மெட்டல் டிடெக்டரில் எழுப்பும் எதிர்வினையை நீக்கும் சரிப்படுத்தலே நிலச் சமன். உலோகமில்லாத இடத்தில் கருவியின் தேடு சுருளைத் தரைக்கு மேல் ஏற்றி இறக்கி, ஒலி மாறாத நிலைக்குக் கொண்டுவர வேண்டும். புதுச்சேரியில் இது எளிதல்ல. ஊருக்கு வடக்கே செம்மண் மேட்டில் இரும்பு ஆக்சைடு குறுக்கிடக்கூடும். கடற்கரை ஈரமணலில் உப்புநீரே மின்சாரம் கடத்திப் பொய்யொலி தரும். ஒற்றை அதிர்வெண் கருவி அங்கே திணறும். பல அதிர்வெண் கருவி உகந்தது.

இடங்குறித்தல் முறையில், உலோகத்தின் மேல் சுருள் அசையாதபோதும் கருவி ஒலிக்கும். குறுக்கும் நெடுக்கும் நகர்த்தி, ஒலி உச்சமாகும் இடத்தைக் குறித்தால் சிறு குழி போதும். ஆனால் எல்லா இடத்திலும் தோண்டிவிட முடியாது. 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த, புதுச்சேரி அருகிலுள்ள அரிக்கமேடு பாதுகாக்கப்பட்ட தொல்லிடம். அங்கு அனுமதியின்றித் தோண்டவே கூடாது. புதைந்த காசைப் பிடுங்கினால் அதன் காலத்தைச் சொல்லும் மண்ணடுக்கு கெட்டுவிடும்.