செருப்புத் தைப்பவர் அளித்த விருந்து

கொடை என்றதும் நம் நினைவில் எழுவோர் மன்னரும் பெருஞ்செல்வருமே. இப்னு பதூதாவின் பயண நூலை ஓதும்போது நமது இவ்வெண்ணம் திருத்தம் பெறுகின்றது.

1325-ஆம் ஆண்டு, இருபத்தொரு வயது இளைஞராய், ஹஜ்ஜை நாடித் தன்ஜா நகரிலிருந்து புறப்பட்டவர் அவர். 1330-களின் தொடக்கத்தில் இன்றைய துருக்கியிலுள்ள அந்தாலியாவை அடைந்து, ஒரு மத்ரஸாவில் தங்கினார். பழைய ஆடை உடுத்திய ஒருவர் அங்கு வந்து, ஷைகு அவர்களிடம் துருக்கி மொழியில் ஏதோ கூறினார். பயணியாரையும் தோழர்களையும் அவர் விருந்துக்கு அழைத்தாராம். அவர் சென்றபின், "இவ்வேழைக்கு நாம் சுமையாவதா?" எனத் தயங்கினார் இப்னு பதூதா. ஷைகு நகைத்தார். வந்தவர் செருப்புத் தைப்பவர். ஆயினும் ஏறத்தாழ 200 தொழிலாளர்க்குத் தலைவர். பகலில் உழைத்து ஈட்டியதை இரவில் விருந்தினர்க்குச் செலவிடுவது அவர்தம் நெறி.

மஃரிபுக்குப் பின் சென்று பார்த்தால், அவர்கள் எழுப்பிய தைக்காவில் அழகிய கம்பளங்கள் விரிந்திருந்தன. இராக்கியக் கண்ணாடி விளக்குகள் ஒளிர்ந்தன. உணவும் கனியும் இனிப்பும் பரிமாறப்பட்டன. பின்னர் இசை எழுந்தது.

இக்கூட்டத்தார் 'அகீ' எனப்பட்டனர். அரபியில் இதற்கு 'என் சகோதரன்' என்பது பொருள். கொடையாளியைக் குறிக்கும் பழந்துருக்கிச் சொல்லே இது என்பாரும் உளர். இரண்டும் அவர்களுக்குப் பொருந்துவனவே!

பொன்னிழைப் பருத்தியாடைக்குப் பேர்பெற்ற லாதிக் நகரில், கடைவீதியில் சிலர் ஓடிவந்து குதிரைகளின் கடிவாளத்தைப் பற்றினர், வேறு சிலர் அவர்களைத் தடுத்தனர், கத்திகளும் உருவப்பட்டன. கொள்ளையரோ என அஞ்சினார் நம் பயணி. அரபி அறிந்த ஹாஜியார் ஒருவர் உண்மையை விளக்கினார்: இரு அகீ கூட்டத்தார், விருந்தளிக்கும் பேறு தமக்கே வேண்டுமெனப் பூசலிட்டனர்! சீட்டுப் போட்டே வழக்குத் தீர்ந்தது.

1344-இல் இலங்கை சென்ற அவருக்கு ஆரியச் சக்கரவர்த்தி முத்துகளை வழங்கினார். பின்னர் மதுரை சுல்தானையும் கண்டு, மேற்குக் கரையோரம் கப்பலேறியபோது, கடற்கொள்ளையர் மன்னர் தந்த மணிகள் அனைத்தையும் பறித்தனர். எஞ்சியது இடையில் உடுத்த ஆடை ஒன்றே.

எனினும், நினைவைக் கொள்ளையிட எவராலும் இயலவில்லை. சுல்தான் அபூ இனான் ஆணைப்படி, பாஸ் நகரில் இப்னு பதூதா சொல்ல, இப்னு ஜுஸை எழுத, 1355-இல் நூல் நிறைவுற்றது. மன்னரின் மணிகள் கடலோடு போயின. செருப்புத் தைப்பவரின் ஒருவேளை விருந்தோ இலக்கியமாகி இன்றும் வாழ்கின்றது.

நம் வாயிலுக்கு வரும் வழிப்போக்கரை நாம் எவ்வாறு எதிர்கொள்கிறோம்? சிந்திப்போமாக!