மடி கரைக்கு வருமுன்

திருகோணமலை நகரின் வடக்கே, சாம்பல்தீவை அண்டிக் கடலோரமாக இருப்பது எங்கள் சல்லிக் கிராமம். முத்துமாரி அம்மன் கோயிலால் பலரும் அறிந்த ஊர். சிறுவயதில் இங்கு கரைவலை இழுப்போருடன் நானும் கயிறு பிடித்ததுண்டு. வலை எங்கோ தொலைவில் கடலினுள் கிடக்கும். மணிக்கணக்காக இழுத்த பின்னரே மடி கரைக்கு வரும். அதில் மீன் உண்டா, வெறும் பாசிதானா என்பது கயிறு பிடிப்பவனுக்குத் தெரியாது. நான் அடிக்கடி தலையைத் தூக்கிக் கடலைப் பார்ப்பேன். பக்கத்தில் நின்ற பெரியவர், "தம்பி, மடியைப் பாத்தா மடி வராது. கயித்தைப் பாத்து இழு" என்பார்.

சைவக் குடும்பத்தில் பிறந்த எனக்குக் கிறிஸ்தவத்தின் 'கீழ்ப்படிதல்' என்னும் சொல் விளங்கத் தொடங்கியது, அந்தக் கயிற்றை நினைத்தபோதுதான். ஆண்டவனின் நோக்கத்தை முதலில் அறிந்துகொண்டு பிறகு நடப்பது கீழ்ப்படிதல் அன்று. நோக்கம் தெரியாத வேளையிலும் பிடித்த கயிற்றை விடாதிருப்பதே கீழ்ப்படிதல். இதற்குச் சான்றாக நம் கிழக்கு மாகாணத்தில் வாழ்ந்த ஒருவரின் சரித்திரத்தை இன்று சொல்ல விழைகின்றேன்.

திருகோணமலை மறைமாவட்டம் 1893 இல் நிறுவப்பட்டது. அது இயேசு சபையாரிடம் ஒப்படைக்கப்பட்டது. முதலில் வந்தவர்கள் பிரெஞ்சுக் குருமார்கள். கேரளத்தின் கோட்டயத்தில் பணியாற்றிய சார்ள்ஸ் லவீஞ் 1898 இல் இதன் ஆயரானார். இரண்டாம் உலகப் போரின் பின்னர், அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்தைச் சேர்ந்த இயேசு சபையார் இப்பணியைத் தொடர்ந்தனர். 1947 இல் இக்னேஷியஸ் கிளெனி ஆயரானார். மட்டக்களப்பும் அக்காலத்தில் இம்மறைமாவட்டத்துக்குள்ளேயே அடங்கியிருந்தது. 2012 இலேயே அது தனி மறைமாவட்டமாயிற்று.

இவ்வாறு 1948 இல் வந்தவர்களுள் ஒருவர், லூசியானாவில் பிறந்த யூஜின் ஜோன் ஹெபேர் அடிகளார். இயேசு சபையில் சேர்பவர் கீழ்ப்படிதலை ஒரு வாக்குறுதியாகவே எடுத்துக்கொள்கிறார். அனுப்பும் இடத்துக்குச் செல்வதே அவரது கடமை. ஹெபேர் அடிகளார் அனுப்பப்பட்ட இடம், தாம் அறியாத மொழி பேசும் ஒரு கடற்கரை. திருகோணமலை புனித சூசையப்பர் கல்லூரியிலும் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் அவர் பணியாற்றினார். கூடைப்பந்தாட்டப் பயிற்றுநராக அவரை நினைவுகூர்வோர் பலர். பின்னர் மட்டக்களப்பில் கிழக்குத் தொழில்நுட்ப நிறுவனத்தை நடத்தி, இளைஞர்களுக்குக் கைத்தொழில் கற்பிக்கும் பொறுப்பை ஏற்றார். போர் மூண்ட பின்னும் ஊர் திரும்பவில்லை.

1990 ஜூனில் போர் மீண்டும் வெடித்தது. ஆகஸ்ட் மாதம் கிழக்குக்குக் கொடுமையான மாதம். 3 ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்தோர் கொல்லப்பட்டனர். அடுத்த சில நாள்களில் ஏறாவூரிலும் முஸ்லிம் மக்கள் கொல்லப்பட்டனர். தமிழ் இளைஞர்கள் பலர் கைதாகிக் காணாமற் போயினர். அயலவன் அயலவனுக்கு அஞ்சிய காலம் அது. அந்நாள்களில் வாழைச்சேனையில் கலவரத்தில் சிக்கியிருந்த கன்னியாஸ்திரிகளுக்கு உதவும் பொருட்டு ஹெபேர் அடிகளார் அங்கு சென்றிருந்தார். ஆகஸ்ட் 15, மரியன்னையின் விண்ணேற்புத் திருநாள். அன்று தமிழ் இளைஞர் ஒருவருடன் ஸ்கூட்டரில் மட்டக்களப்புக்குப் புறப்பட்டார். இருவரும் வந்து சேரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அப்போது அடிகளாருக்கு 66 வயது.

இங்கேதான் ஒரு கேள்வி எழுகின்றது. இதில் கடவுளின் நோக்கம் எங்கே? "எல்லாம் அவன் சித்தம்" என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் பிள்ளையைத் தேடித் தேடிக் களைத்த தாயிடம் அதைச் சொல்ல எனக்கு நா எழாது. கொலையும் கடத்தலும் மனிதர் செய்தவை. அவற்றுக்கான பழியை ஆண்டவன் தலையில் போட்டுவிட்டு மனிதர் தப்பித்துக்கொள்ளலாகாது.

பைபிளும் அவ்வாறு சொல்லவில்லை என்றே நான் கருதுகின்றேன். கெனேசரேத்து ஏரியில் இராமுழுதும் வலை வீசி ஒன்றும் அகப்படாத பேதுரு, இயேசுவின் சொல்லுக்காக மீண்டும் வலையைப் போட்டார். படகு தாழுமளவுக்கு மீன் கிடைத்தது. சல்லிக்காரன் எவனும் அந்த மீனை விற்கவே ஓடியிருப்பான்! பேதுருவோ மீனையும் படகையும் விட்டுவிட்டுப் பின்சென்றார். ஆக, கீழ்ப்படிதலின் பயன் அந்த மீன் அன்று. அழைத்தவருடன் செல்வதே அதன் பயன். கெத்சமனித் தோட்டத்தில் துன்பக் கிண்ணம் நீங்கவேண்டுமென மன்றாடிய இயேசுவும், அது நீங்காதபோது தந்தையின் விருப்பத்தை ஏற்று நடந்தார்.

இவ்வாறு நோக்குமிடத்து, ஹெபேர் அடிகளாரின் வாழ்வுக்குப் பொருள் தருவது அவர் காணாமற் போனது அன்று. எதற்காக அந்தப் பாதையில் போனார் என்பதே. ஆபத்தில் இருந்தவர்களிடம் போனார். 42 ஆண்டுகளுக்கு முன் எதற்காக அனுப்பப்பட்டாரோ, அந்த வேலையையே அந்த நாளிலும் செய்துகொண்டிருந்தார்.

அவருடன் அதே 1948 இல் வந்த ஹரி மில்லர் அடிகளார் தப்பி வாழ்ந்தார். அவரும் அதே கயிற்றைத்தான் பிடித்தார். மட்டக்களப்பு சமாதானக் குழுவில் இயங்கி, காணாமற் போனோரைப் பற்றிய முறைப்பாடுகளைக் கேட்டுப் பதிவு செய்தார். தம் நண்பரையும் அந்த வரிசையில் சேர்க்க நேர்ந்த துயரம் அவருடையது. முதுமையில் அமெரிக்கா திரும்பியவர், அங்கு மனம் ஒட்டாமல் மட்டக்களப்புக்கே மீண்டார். 2019 இல் காலமானார். ஒருவருக்குக் கல்லறையே இல்லை. மற்றவருக்கு நீண்ட ஆயுள். கீழ்ப்படிதல் இன்ன பலனைத் தரும் என்று எவராலும் கணக்குப் போட முடியாது என்பதற்கு இவ்விருவருமே சாட்சி.

2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியது. அதன் பின்னும் இங்கு கரைவலை இழுக்கப்படுகின்றது. மாலையில் சல்லிக் கரையில் நிற்கையில், அந்தப் பெரியவரின் குரல் இன்றும் என் காதில் ஒலிக்கும். ஹெபேர் அடிகளாரின் மடி இன்னும் கரைக்கு வரவில்லை. என்ன நடந்தது என்ற உண்மையும் வரவில்லை. அதைக் கேட்டுக்கொண்டே இருப்பதுதான் நம் கையில் இருக்கும் கயிறு.