ஆண்டறிக்கையில் அடங்காத அறுவடை: ஊவாத் தோட்டங்களில் கிறிஸ்தவ ஊழியம்

பதுளை நகரில் உள்ள புனித மாற்கு ஆலயம் ஊவாவின் பழைமையான கிறிஸ்தவக் கட்டடங்களில் ஒன்று. 1857இல் அர்ப்பணிக்கப்பட்ட இவ்வாலயம், பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த மேஜர் தோமஸ் வில்லியம் ரோஜர்ஸ் என்பவரின் நினைவாக எழுப்பப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தியவர் எனப் பெயர் பெற்ற ரோஜர்ஸ், 1845 ஜூன் 7ஆம் திகதி அப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்டார். பல தரப்பட்ட நண்பர்கள் பொருள் சேர்த்துக் கட்டிய ஆலயம் இது என்பதை அங்குள்ள நினைவுக் கல் தெரிவிக்கின்றது.

அதிகாரி ஒருவர் மறைந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் கல்லால் ஆன ஓர் ஆலயம் எழுந்து நின்றது. ஆனால், அதே மலைகளில் கோப்பித் தோட்டங்களில் உழைத்த தமிழ் மக்களிடையே ஒரு திருச்சபை உருவாவதற்கு அத்தகைய அவசரம் எதுவும் கைகொடுக்கவில்லை. அங்கே காரியங்கள் மிக மெல்லவே நடந்தன. அந்த மெத்தனத்தை ஊழியர்கள் எவ்வாறு எதிர்கொண்டனர், அதிலிருந்து எதைக் கற்றனர், எதைக் கற்கத் தவறினர் என்பதே இக்கட்டுரையின் பொருள். ஆன்மிக வளர்ச்சிக்குப் பொறுமை தேவை என்று பிரசங்க மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். அந்தப் பொறுமை எப்படிப்பட்டது என்பதற்கு ஊவாவின் வரலாறு நல்லதொரு பாடமாகும்.

உபதேசியார்கள் வந்த கதை

1854ஆம் ஆண்டு கண்டியில் கோப்பித் தோட்டத் துரைமார் சிலரின் முயற்சியால், சர்ச் மிஷனரி சங்கத்தின் துணையுடன் ஓர் ஊழியம் தொடங்கியது. அதற்கு இடப்பட்ட பெயர் 'தமிழ்க் கூலி மிஷன்'. ஒரு சமூகத்தை அதன் உழைப்பின் விலையைக் கொண்டு அடையாளப்படுத்திய அப்பெயர், அன்றைய காலத்தின் பார்வையை நமக்குக் காட்டுகிறது. திருநெல்வேலியில் பணியாற்றித் தமிழ் அறிந்திருந்த செப்டிமஸ் ஹொப்ஸ் பாதிரியார் அதன் முதல் மேற்பார்வையாளராக வந்தார். திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் தம்மிடையே இருந்து உபதேசியார்களை இலங்கைக்கு அனுப்பி வைத்தனர். கண்டியை மையமாகக் கொண்டு தொடங்கிய இப்பணி, தோட்டங்கள் பரவிய திசையெங்கும் பரவ முயன்றது.

அன்று திருநெல்வேலியில் ஊர் ஊராகக் குடும்பங்கள் கிறிஸ்தவ சமயத்தைத் தழுவிக்கொண்டிருந்தன. ஆகவே இலங்கைத் தோட்டங்களிலும் அதே விரைவை எதிர்பார்த்தவர்கள் இருந்திருப்பின் வியப்பில்லை. ஆனால் இரு நிலங்களும் வேறு வேறு. திருநெல்வேலியில் ஓர் ஊர் இருந்தது; அந்த ஊரில் உறவினர் கூட்டம் இருந்தது; ஒருவர் எடுத்த முடிவைச் சுற்றத்தார் கலந்து பேசித் தம் முடிவாக்கிக்கொள்ள முடிந்தது. தோட்டத்திலோ ஊர் இல்லை, லயம்தான் இருந்தது. அந்த லயத்தில் இருந்தவர்கள் கங்காணியின் ஆட்கள். முற்பணம், கடன், துண்டுச் சீட்டு ஆகியவற்றால் கங்காணியோடு பிணைக்கப்பட்டிருந்தவர்கள். கங்காணி வேறு தோட்டத்திற்குப் பெயர்ந்தால் அவனது கூட்டமும் பெயர்ந்தது.

இன்னொரு தடை பயிரிலேயே இருந்தது. கோப்பிக்குப் பழம் பறிக்கும் பருவத்தில்தான் ஆட்கள் மிகுதியாகத் தேவைப்பட்டனர். பருவம் முடிந்ததும் தொழிலாளரில் பெரும் பகுதியினர் தமிழகத்தில் உள்ள தம் கிராமங்களுக்குத் திரும்பினர். மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டுப் பாதையால் மலைநாட்டுக்கு நடந்து வந்து, மீண்டும் அதே வழியே நடந்து திரும்பிய மக்கள் அவர்கள். அவ்வழியில் நோயாலும் பசியாலும் இறந்தோர் பல்லாயிரவர். உபதேசியார் ஒருவர் ஆறு மாதம் அரிச்சுவடியும் வேதக் கதைகளும் சொல்லிக் கொடுத்த ஓர் இளைஞன், அடுத்த பருவத்தில் அதே தோட்டத்துக்கு வருவான் என்ற உறுதி எதுவும் இல்லை. விதைத்த நிலமே எழுந்து நடந்து போய்விடுகின்ற விசித்திரமான வேளாண்மை இது.

மூன்றாவது தடையை உபதேசியார்கள் தம்முடனேயே சுமந்து வந்தனர். தோட்டத்துக்குள் நுழைவதற்குத் துரையின் அனுமதி வேண்டும். ஊழியத்தின் செலவுக்குத் துரைமாரின் சந்தா வேண்டும். அன்பைப் பற்றி மாலையில் பேசிய உபதேசியார், காலையில் பெரட்டுக்களத்தில் அதட்டிய துரையின் உதவியால் வந்தவர் என்பது லயத்து மக்களுக்குத் தெரியாததல்ல. மாரியம்மனுக்குத் திருவிழா எடுத்து, காமன் கூத்து ஆடி, முனியாண்டிக்குப் படையல் வைத்து, வந்த இடத்தில் தம் ஊரை மீண்டும் உருவாக்கிக்கொண்ட மக்கள், துரையின் சமயத்தைச் சற்றுத் தூரத்தில் நின்று பார்த்ததில் வியப்பென்ன?

எண்ணிக்கையும் எதிர்பார்ப்பும்

மிஷன் சங்கங்களின் ஆண்டறிக்கைகளைப் படிப்போர் ஒன்றைக் கவனிப்பர். எத்தனை பேர் ஞானஸ்நானம் பெற்றனர், எத்தனை பாடசாலைகள், எத்தனை மாணவர் என்ற பட்டியல்களே அவற்றின் முதுகெலும்பு. பணம் கொடுப்போர் கணக்குக் கேட்பது இயல்பே. பத்திரிகைத் தொழிலில் நீண்ட காலம் இருந்தவன் என்ற முறையில், எண்ணிக்கை இல்லாத செய்தியை ஆசிரியர் பீடம் எவ்வளவு அலட்சியமாகப் பார்க்கும் என்பதை நானும் அறிவேன். ஆயினும் தோட்ட ஊழியத்தின் பயனை அந்தப் பட்டியல்களால் அளக்க இயலவில்லை. இங்கே கேட்டவன் இராமநாதபுரத்திலோ புதுக்கோட்டையிலோ உள்ள தன் கிராமத்துக்குப் போன பின் என்ன ஆனான் என்பதை எந்த அறிக்கையும் சொல்லாது.

இந்நிலையில் வில்லியம் ஓக்லி பாதிரியாரை நினைத்துப் பார்க்க வேண்டும். 1835இல் இலங்கைக்கு வந்த அவர், கண்டியில் நெடுங்காலம் பணியாற்றி, 1886இல் நுவரெலியாவில் காலமானார். இடைப்பட்ட ஐம்பத்தொரு ஆண்டுகளில் ஒரு தடவையேனும் அவர் இங்கிலாந்துக்குத் திரும்பவில்லை. பெருங்கூட்டத்தைத் திரட்டிய ஊழியராக அவர் அறியப்படவில்லை. ஓரிடத்தில் தங்கியிருந்தவர் என்பதே அவரது பெருமை. எல்லோரும் வந்து போய்க்கொண்டிருந்த ஒரு நாட்டில் போகாமல் இருந்த ஒருவர் என்பது சிறிய காரியமன்று.

பொறுமைக்கு ஓக்லி ஓர் உதாரணமென்றால், பொறுமையின்மைக்கும் உதாரணம் அதே காலத்தில் உண்டு. 1875ஆம் ஆண்டின் இறுதியில், முப்பது வயதில், கொழும்பின் அங்கிலிக்கன் ஆயராக அபிஷேகம் பெற்ற ரெஜினோல்ட் கொப்பிள்ஸ்டன், தோட்டத் தமிழரிடையேயான ஊழியம் ஆயரின் ஆளுகைக்குள் வரவேண்டும் என வலியுறுத்தினார். மிஷனரிகள் இணங்கவில்லை. 1876இல் ஆயர் அவர்களது பணி உரிமங்களை மீளப் பெற்றார். இங்கிலாந்தின் பேராயர்கள் வரை சென்ற இப்பிணக்கு 1880 அளவிலேயே தீர்ந்தது. ஆயரின் வாதத்தில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. துரைமாருக்கு ஒரு குரு, தொழிலாளருக்கு வேறொரு சங்கம் என்று ஒரே திருச்சபை பிளவுபட்டு நிற்பது சரியா என்பது நல்ல கேள்வியே. ஆனால் தோட்டத் தமிழரின் ஆன்மா யாருடைய பொறுப்பு என்று இரு தரப்பாரும் நான்கு ஆண்டுகள் வாதிட்டபோது, அந்தத் தமிழரிடம் எவரும் அபிப்பிராயம் கேட்டதாகத் தெரியவில்லை.

தேயிலை தந்த அவகாசம்

மாற்றம் வந்தது, ஆனால் அது மிஷனின் திட்டத்தால் வரவில்லை, ஒரு பூஞ்சணத்தால் வந்தது. 1869இல் இலங்கையில் காணப்பட்ட கோப்பி இலைத்துரு நோய், அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பித் தொழிலையே அழித்தது. துரைமார் பலர் நொடித்தனர். அவர்களது கொடையை நம்பியிருந்த ஊழியமும் நெருக்கடியை உணர்ந்தது. ஆனால் கோப்பியின் இடத்தைப் பிடித்த தேயிலை, தொழிலாளர் வாழ்வின் அமைப்பையே மாற்றியது. தேயிலைக்குப் பருவம் இல்லை. ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டும். கொழுந்து பறிக்கப் பெண்கள் வேண்டும். பெண்கள் வந்தபோது குடும்பங்கள் நிலைத்தன. குழந்தைகள் அங்கேயே பிறந்து அங்கேயே வளர்ந்தன. 1886இல் ஊவா தனி மாகாணமானது. 1894இல் பண்டாரவளை வரையும், 1924இல் பதுளை வரையும் இரயில் பாதை வந்தது.

மக்கள் நிலைத்தபின்தான் பாடசாலை நிலைத்தது. உபதேசியாரே ஆசிரியராக இருந்த சிறு பள்ளிகளில், கொழுந்துக் கூடை தூக்க வேண்டிய வயதுப் பிள்ளைகள் எழுத்தைக் கண்டனர். 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்டப் பிள்ளைகளின் கல்வியைத் தோட்ட நிர்வாகத்தின் கடமையாக்கியது. அதற்கு வெகு காலத்துக்கு முன்பே, எவரும் கட்டாயப்படுத்தாமல், சில உபதேசியார்கள் லயத்து ஓரத்தில் பிள்ளைகளை உட்கார வைத்திருந்தனர். அப்படிப் படித்தவர்களில் பலர் கிறிஸ்தவர் ஆகவில்லை. கடிதம் எழுதக் கற்றனர். கணக்குப்பிள்ளையின் செக்ரோலில் தம் பெயருக்கு நேரே என்ன எழுதப்பட்டுள்ளது என்று வாசிக்கக் கற்றனர். ஞானஸ்நானப் பட்டியலில் இடம்பெறாத இந்த அறுவடையை ஊழியத்தின் தோல்வி என்று எழுதுவதா?

1880களின் பிற்பகுதியில் மெதடிஸ்த மிஷனரியான சாமுவேல் லாங்டன் ஊவாவில் தொடங்கிய பணியும் இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. ஆதரவற்ற சிறுவர்களுக்குத் தொழில் கற்பிக்கும் இல்லம் ஒன்றை அவர் இங்கே அமைத்தார். கைத்தொழில் கற்ற ஒரு சிறுவன் மனிதனாக நிமிர்வதற்கும் ஆண்டுகள் பல தேவை என்பதை அத்தகைய இல்லங்களை நடத்துவோர் நன்கறிவர்.

யாருக்குப் பொறுமை வேண்டும்?

இதுவரை சொன்னவற்றைக் கொண்டு, மக்கள் மெல்ல மாறினர், ஊழியர் பொறுமையாகக் காத்திருந்தனர் என்று முடித்துவிடலாம். அப்படி முடித்தால் அது பாதி உண்மையாகவே இருக்கும். மெல்ல வளர்ந்தது தொழிலாளர் மட்டுமல்ல. அவர்களுக்குப் போதிக்க வந்த திருச்சபையும்தான்.

துரையின் சந்தாவில் நடந்த ஊழியம், துரையின் அநீதியைப் பற்றிப் பேச நெடுங்காலம் எடுத்துக்கொண்டது. 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையக மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரின் கதி 1974இல் தீர்மானிக்கப்பட்டது. ஒரே குடும்பத்தில் அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி இன்னொரு நாட்டுக்கும் உரியவராயினர். ஞாயிறு ஆராதனையில் அருகருகே அமர்ந்தவர்கள் இராமேஸ்வரம் கப்பலுக்காகப் பிரிந்தனர். அவர்களில் பலர் நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் முதலிலிருந்து தொடங்கினர். இந்தக் காலம் முழுவதும், ஒரு சிலரைத் தவிர, கிறிஸ்தவ சபைகளின் குரல் உரத்து ஒலித்ததென்று சொல்வதற்கில்லை.

அந்த ஒரு சிலருள் முதன்மையானவர் லியோ நாணயக்கார ஆண்டகை. 1959 முதல் கண்டியின் கத்தோலிக்க ஆயராக இருந்த அவர், 1972 டிசம்பரில் கண்டி மறைமாவட்டம் பிரிக்கப்பட்டுப் பதுளை மறைமாவட்டம் உருவானபோது, வசதி மிக்க கண்டியில் தங்காமல் பதுளைக்கு வந்தார். சிங்களவரான அவர், தோட்டத் தொழிலாளரும் ஏழை விவசாயிகளும் வாழ்ந்த ஊவாவைத் தம் பணிக்களமாகக் கொண்டார். பண்டாரவளையில் 'சேவக செவண' என்ற குருமடத்தை நிறுவி, மக்களின் வாழ்வோடு ஒட்டி வாழும் குருக்களைப் பயிற்றுவிக்க முயன்றார். அடுத்து வந்த 1973–74இன் உணவுப் பஞ்சத்தில் தோட்டங்களில் பசிச்சாவுகள் பெருகின. 1982இல் அவர் மறைந்தார். மறு ஆண்டு ஜூலையில் பதுளை நகரின் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தன. அவர் விதைத்த நல்லிணக்கம் பயனற்றுப் போயிற்று என்று அன்று பலர் எண்ணியிருக்கலாம். ஆனால் எரிந்த நகரத்தில் அண்டை வீட்டாரைத் தம் வீட்டில் ஒளித்துக் காத்தவர்களும் இருந்தனர். எந்தப் போதனை எந்த நெஞ்சில் எப்போது முளைக்கும் என்பதை எவரும் முன்கூட்டிச் சொல்ல இயலாது.

1854இன் மிஷன், தொழிலாளரைத் துரையின் பக்கத்தில் நின்று பார்த்தது. 1972இன் ஆயர், தொழிலாளரின் பக்கத்தில் நின்று உலகைப் பார்க்க முயன்றார். இந்தச் சில அடித் தூரத்தைக் கடக்கத் திருச்சபைக்கு நூற்றுப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின.

தேயிலைச் செடியை அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நாற்று மேடையிலிருந்து எடுத்து நட்ட செடி கொழுந்து தர ஆண்டுகள் ஆகும். தொடர்ந்து கொழுந்து தர வேண்டுமானால் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை கவ்வாத்து வெட்ட வேண்டும். காத்திருத்தலும் கத்தியும் அங்கே சேர்ந்தே இருக்கின்றன. ஊழியத்திலும் இரண்டையும் பிரித்தறிய வேண்டும். ஒரு மனிதனின் உள்ளம் திறப்பதற்கு எத்தனை ஆண்டுகளும் காத்திருக்கலாம்; அவனை அவசரப்படுத்துவது அவனை எண்ணிக்கையாக்குவதாகும். ஆனால் அவனது கூலி, குடியுரிமை, குடியிருக்கும் காணி ஆகியவற்றைப் பற்றிப் பேசாமல் காத்திருப்பதற்குப் பொறுமை என்று பெயரிடலாகாது. எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது. அதற்காக ஐம்பத்தைந்து ஆண்டுகள் காத்திருந்த மக்களுக்கு எந்தப் பிரசங்கியாரும் பொறுமையைப் போதிக்க வேண்டியதில்லை. அவர்களிடமிருந்து அதைக் கற்றுக்கொள்ளலாம்.